கடலூர் மாவட்டக் கல்லூரி கேன்டீன் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

முதல்வர்களுக்கும் கேன்டீன் குழுவினருக்கும் வணக்கம்.

‘சத்தானதையே உண்போம்’ என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறீர்கள். மணி அடித்ததும் கைக்கு எட்டுவதோ சமோசாவும் பப்ஸும்தான். கால் மணி நேரத்தில் வரிசையில் நின்று, வாங்கி, தின்று, வகுப்புக்கு ஓட வேண்டிய பிள்ளைகள் சத்தை ஆராய்ந்து வாங்குவதில்லை. தயாராக இருப்பதை வாங்குகிறார்கள். கல்லூரி வளாகங்களில் நொறுக்குத் தீனி வேண்டாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-லேயே சொல்லிவிட்டது. மாற்று வைக்காமல் தடை மட்டும் போட்டால், கேட்டுக்கு வெளியே இருக்கும் கடைக்குத்தான் வியாபாரம்.

சுண்டலில் தொடங்குங்கள். 1 கிலோ கறுப்புக் கொண்டைக்கடலை வெந்தால் 2 கிலோவுக்குச் சற்று மேலே வரும். 100 கிராம் கிண்ணமாக 20 பேருக்குப் போதும். ஒரு கிண்ணத்தில் ஏறக்குறைய 8 கிராம் புரதம். இரவு 9 மணிக்கு ஊறவைத்து, காலை 6 மணிக்கு அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் வேகவையுங்கள். நம் ஊர் வெக்கையில் இதற்கு மேல் ஊறினால் நுரைத்து வாடை வரும். கடலை வேகவில்லை என்று மாஸ்டர் சோடா உப்பைத் தேடினால், வந்திருப்பது பழைய சரக்கு. மளிகைக் கடையை மாற்றுங்கள். தேங்காயை மொத்தமாகக் கலந்து வைப்பதுதான் பெரிய தவறு. மதியத்துக்குள் ஊசிப்போய்விடும், பிறகு ‘சுண்டல் விற்பதில்லை’ என்று பழி வேறு. மாலைக்கு வேண்டிய கடலையை வேகவைத்த கையோடு ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வைத்து, விற்கும் நேரத்தில் தாளித்து, அப்போது தேங்காய் தூவட்டும். மணி அடிப்பதற்கு 5 நிமிடம் முன்பே கிண்ணங்களில் அளந்து கவுண்டரின் முன்வரிசையில் இருக்க வேண்டும். அண்டாவிலிருந்து கரண்டியால் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தால் சமோசாதான் ஜெயிக்கும்.

அவித்த வேர்க்கடலைக்கு இவ்வளவு பாடு இல்லை. கறுத்த, சுருங்கிய, பூஞ்சை பிடித்த காய்களைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். பூஞ்சை விடும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு அவித்தாலும் முழுதாகப் போகாது. பண்ருட்டிப் பலா இருக்கும் மாவட்டத்தில் கேன்டீனில் ஒரு சுளை கிடைப்பதில்லை. சீசனில் பாதி விடுமுறையோடு போய்விடுகிறது என்பது உண்மைதான். மீதிப் பாதிக்காவது வாங்கலாமே.

வடை, பஜ்ஜியை ஒழிக்கச் சொல்லவில்லை. எண்ணெயைப் பாருங்கள். எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்ந்து கெடும்போது அதில் கூடும் மொத்தப் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்பது சட்டம். அளக்கக் கையடக்க மீட்டர் உண்டு. அது இல்லாத இடத்தில் நிறம் கறுத்து, நுரை அடங்காமல், வழக்கத்தைவிடச் சீக்கிரம் புகைந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். பழைய எண்ணெயில் புதியதை ஊற்றி நிரப்பினால் புதியதும் சீக்கிரம் கெடும். செய்தித்தாளில் வைத்துக் கொடுப்பதை நிறுத்துங்கள். அச்சு மை பலகாரத்தில் ஒட்டும்.

250 மில்லி கோலாவில் ஏறக்குறைய 26 கிராம் சர்க்கரை. ஒரு நாளுக்கே அவ்வளவுதான் வரம்பு என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். பதிலுக்கு மோர் வையுங்கள்: 1 லிட்டர் தயிருக்கு 3 லிட்டர் கேன் தண்ணீர், 10 கிராம் உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை, 200 மில்லி டம்ளராக 20 பேருக்கு. ஐஸ் வேண்டுமானால் கேன் தண்ணீரில் நீங்களே உறைய வையுங்கள். துறைமுகத்துக்குப் போகும் ஐஸ் கட்டி மீனுக்கானது, ஜூஸுக்கு அல்ல. டீயில் சர்க்கரையை முன்கூட்டியே கலக்காமல் தனியே வைத்தாலே பலர் குறைத்துக்கொள்வார்கள்.

கடைசியாக, டெண்டர். வாடகையை ஏலம் விட்டு ஏற்றினால் குத்தகைக்காரர் லாபம் அதிகம் நிற்கும் பொரித்த பலகாரத்துக்கும் பாட்டில் பானத்துக்கும்தான் போவார்; அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்த கல்வியாண்டு ஒப்பந்தத்தில் மூன்று நிபந்தனை சேருங்கள்: இரண்டு இடைவேளையிலும் சுண்டலோ வேர்க்கடலையோ அளந்து தயாராக இருக்க வேண்டும், அதன் விலை சமோசாவைத் தாண்டக் கூடாது, எண்ணெய் மாற்றிய தேதி கரும்பலகையில் தெரிய வேண்டும். இதை ஏற்பவருக்கு வாடகையில் தள்ளுபடி கொடுங்கள்.

இப்படிக்கு,
கல்லூரி உணவகச் சமையலிலும் ஊட்டச்சத்துப் பணியிலும் இருப்போர்,
கடலூர்.