உடைந்த சிலையை ஆற்றில் போடத்தான் வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கொரியா பற்றி நம் பத்திரிகைகளில் எது வந்தாலும், அங்கேயும் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று ஆரம்பித்து, கொரிய ராஜாவைக் கட்டிக்கொள்ளக் கடல் தாண்டிப் போன இளவரசி கதையில் முடித்துவிடுகிறார்கள். தப்பில்லை, முதல் வாரம் எனக்கும் அது புல்லரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் உல்சான் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் நாலு வருடம் பத்து மாதம் (விசா அவ்வளவுதான்) வேலை பார்த்துவிட்டு வந்த எனக்கு இன்னும் மனதில் நிற்பது பக்கத்து ஊரான கியோங்ஜுவின் நம்சான் மலை. சியோலில் கோபுரம் இருக்கும் நம்சான் வேறு, இது வேறு.

உயரம் ஒன்றும் பெரிதில்லை, நாங்கள் ஏறிய கூமோபொங் சிகரம் 468 மீட்டர்தான். கியோங்ஜு சில்லா அரசர்களுக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் வருடம் தலைநகராக இருந்த ஊர் என்பதால் மலை முழுக்கப் புத்தர்கள். மூன்று அரச சமாதிகளைச் சுற்றிக் கோணலும் மாணலுமாக நிற்கும் பைன் மரங்களுக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் ஏறினாலே தலையில்லாத ஒரு புத்தர் உட்கார்ந்திருக்கிறார். 1964இல்தான் கண்டெடுத்தார்களாம். தலை போயிருக்கிறது, உடம்பிலும் சேதம் இருக்கிறது, ஆனால் தோளில் தொங்கும் கயிற்று முடிச்சு நேற்றுக் கட்டியதுபோல் இருக்கிறது. என்னோடு வந்த பர்மிய நண்பன் உடனே ஷூவைக் கழற்றிவிட்டான். எங்கள் பர்மாவில் பகோடா (புத்தர் கோயில்) வாசலிலேயே செருப்பை விடும் பழக்கம் அல்லவா? அப்புறம் ஒவ்வொரு சிலைக்கும் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி, உச்சிக்குப் போவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. அடிவாரக் கடையில் நூடுல்ஸ் சாப்பிடும்போது அவன் கேட்டான்: "ஏன் இவங்க இதுக்கு ஒரு புதுத் தலை வைக்கல?"

பதில் அடுத்த விடுமுறையில், மலையின் தெற்குப் பக்கம் யொலாம் பள்ளத்தாக்கில் கிடைத்தது. அங்கே ஒரு புத்தருக்குத் தலை இருக்கிறது. புதிதல்ல, அவருடைய சொந்தத் தலையே 2005இல் அகப்பட்டதால் எடுத்துப் பொருத்தியிருக்கிறார்கள். மற்ற துண்டுகளைத் தேடும்போது 2007இல் பக்கத்திலேயே 70 டன்னுக்கு மேல் எடையுள்ள பாறையில் செதுக்கிய இன்னொரு புத்தர் குப்புற விழுந்து கிடப்பதைப் பார்த்தார்கள். மூக்குக்கும் கீழே இருக்கும் பாறைக்கும் இடையில் 5 சென்டிமீட்டர்தான், முகத்தில் ஒரு கீறல் இல்லை. பூகம்பத்தில் விழுந்திருக்கலாம் என்கிறார்கள். தூக்கி நிறுத்துகிறேன் என்று அவசரப்பட்டு இன்னொரு சேதம் செய்யாமல், நான் போனபோதும் அப்படியே வைத்திருந்தார்கள். அவசர வேலையின் பலனை அவர்கள் அதே ஊரிலேயே பார்த்தவர்கள்: சொக்குராம் என்ற புத்தர் குகைக்கோயிலை ஜப்பானியர் ஆட்சியில் 1913 முதல் கான்கிரீட் போட்டுப் பழுதுபார்க்க, உள்ளே ஈரம் கோத்துக்கொண்டு பல வருடம் தலைவலியானது.

சரி, இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், 2025 மார்ச் 28 பூகம்பம் எங்கள் மாண்டலேயை என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் சின்னக் கோயிலில் பாட்டன் காலத்துக் கல் அம்மனின் வலது கை உடைந்து விழுந்தது. பின்னமான சிலையைக் கும்பிடக் கூடாது, ஐராவதியில் போட்டுவிட்டுப் புதுச் சிலை வாங்கலாம் என்கிறார்கள் பெரியவர்கள். கும்பிடக் கூடாது என்பதில் எனக்குச் சண்டையில்லை, கருவறைக்குப் புது அம்மன் வரட்டும். ஆற்றில் போடுவதைத்தான் மனசு ஒப்பவில்லை. பர்மாவின் பழைய தலைநகரான பகானில் விஷ்ணு கோயிலுக்கு மண்டபம் கட்டிக்கொடுத்த மலைமண்டலத்துக்காரர் (இன்றைய கேரளப் பக்கம்) ஒருவரைப் பற்றிய 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 'நானாதேசி விண்ணகர்' என்ற அந்தக் கோயில் பெயரே அந்தக் கல் தப்பியதால்தான் நமக்குத் தெரிகிறது. எங்கள் குடும்பங்கள் இங்கே வந்ததற்குக் காகிதம் எதுவும் மிஞ்சவில்லை, இந்த அம்மன்தான் மிச்சம்.

இப்போதைக்கு அம்மன் மடப்பள்ளிக்குப் பின்னால் சாக்குப் போர்த்திக்கொண்டு இருக்கிறாள், கை தனியாக ஒரு துணிப் பையில் இருக்கிறது. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ மலேசியாவிலோ உங்கள் கோயில்களில் கும்பாபிஷேகத்தின்போது பழைய சிலையை ஆற்றில் விடாமல் பிராகாரத்தில் ஓர் ஓரமாக வைத்திருந்தால், என்ன சொல்லிப் பெரியவர்களைச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று வாசகர்கள் யாராவது எழுதுங்கள். அடுத்த மாதம் கமிட்டி கூடுகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
மாண்டலே, பர்மா