சக்கரம் மட்டும் போதுமா?

பழைய கட்டடங்களைப் பட்டியலிட்டுப் பாதுகாக்கும் துறையினருக்கு,

வணக்கம். நீங்கள் புதுப்பித்த ஒரு பழைய நீராலையை, அதாவது ஓடும் நீரால் சக்கரம் சுற்றித் தானியம் அரைத்த ஆலையை, பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். சுவருக்குச் சுண்ணாம்பு, சக்கரத்துக்குப் புதுப் பலகை, வாசலில் வரலாற்றுக் குறிப்பு. எல்லாம் சரி. ஆனால் சக்கரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த வாய்க்காலை மண் போட்டு மூடிக் கார் நிறுத்துமிடம் ஆக்கியிருக்கிறீர்கள். நனைந்தே இருக்க வேண்டிய மரம் காய்ந்து, பலகைக்குப் பலகை விரல் நுழையும் அளவுக்கு விலகிவிட்டது.

நீராலையின் பாதி, கட்டடத்துக்கு வெளியேதான் இருக்கிறது. மேலே ஒரு தடுப்பணை. அங்கே பிரியும் வாய்க்கால் சரிவை ஒட்டி மெல்ல மெல்ல இறங்கி வரும். ஓடையோ விறுவிறுவென்று கீழே போய்விடும். இரண்டுக்கும் இடையில் சேரும் உயரம்தான் ஆலையின் பலம். மேலிருந்து நீர் விழுந்து சுற்றும் சக்கரம், அடியில் ஓடும் நீர் தள்ளும் சக்கரத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேலை செய்யும் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் சிறிய மாதிரிச் சக்கரங்களை வைத்துச் சோதித்து 1759இல் எழுதினார். அவர் அளந்து சொன்னதை, வாய்க்கால் வெட்டியவர்கள் கண்ணாலேயே கணித்திருக்கிறார்கள். அந்தக் கணக்கைத்தான் நீங்கள் மூடினீர்கள்.

அப்புறம், அந்தக் குறிப்புப் பலகை. 'ஊர் கூடிய இடம்' என்கிறது. கூடினார்கள்தான், மூட்டையோடு, முறை வரும்வரை. கூலியாக மாவில் ஒரு பங்கு போகும். எடுத்த பங்கு சரிதானா என்ற சந்தேகமும் கூடவே வரும். இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸில் மக்கள் தன் ஆலையில்தான் அரைக்க வேண்டும் என்று அங்கிருந்த கிறிஸ்தவ மடம் 14ஆம் நூற்றாண்டில் அவர்களின் திருகைக் கற்களைப் பறித்துத் தரையில் பாவியது. 1381இல் நடந்த விவசாயிகள் கிளர்ச்சியில் மக்கள் உள்ளே புகுந்து அந்தத் தரையைப் பெயர்த்து, கல்லை உடைத்து ஆளுக்கொரு துண்டாக எடுத்துப் போனார்கள். ஆலையடிக் குடியிருப்பின் வரலாறு என்றால் இந்தக் கோபமும் சேர்ந்ததுதான்.

அரைக்கும் கல்லைக் கொத்தியவர்களைப் பற்றிப் பலகையில் ஒரு வரிகூட இல்லை. பள்ளங்கள் மழுங்கிய கல்லில் மாவு சூடேறிக் கெடும். அதனால் மேல்கல்லைப் புரட்டிப் போட்டுப் பள்ளங்களை மறுபடி கொத்த வேண்டும். உளியிலிருந்து தெறித்த இரும்புத் துணுக்குகள் புறங்கையில் ஏறிக் கருநீலப் புள்ளிகளாகத் தங்கிவிடும். தொழில் தெரிந்தவரா என்று கையைப் பார்த்தே சொல்லிவிடுவார்களாம்.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த ஆலையைப் பதிவு செய்யும்போது வாசலோடு நின்றுவிடாமல், வாய்க்காலைப் பிடித்துத் தடுப்பணை வரை நடந்து பாருங்கள். மதகு, குளம், சுற்றியுள்ள வீடுகள் எல்லாவற்றையும் ஒரே பதிவில் எழுதுங்கள். வயதானவர்கள் யாராவது இருந்தால் முதலில் அவர்களிடம் பேசுங்கள். சுவர் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்.

நான் பார்த்த ஆலையில் வாய்க்கால் இன்னும் மண்ணுக்கு அடியில்தான் கிடக்கிறது. கார்களை வேறு பக்கம் நிறுத்தச் சொல்லலாம்.