கூலி வாங்கும் காவலன்

சிவகாசி

அன்புள்ள மகள் மீனாட்சிக்கு,

அப்பா எழுதுவது. நீ அச்செடுத்து அனுப்பிய இருபத்திரண்டு பக்கங்களும் நேற்றுத் தபாலில் வந்து சேர்ந்தன. கைபேசியில் அனுப்பியிருந்தால் அன்றே பார்த்திருக்கலாமே என்று உன் அம்மா சொன்னாள். சித்திரக்கதையைத் தாளில் புரட்டிப் படித்தால்தான் எனக்கு மனம் நிறையும் என்பதை நீ மறக்கவில்லை என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

இரண்டு முறை படித்தேன். இரும்புப் பெட்டிகளை வெறுங்கையால் உருக்கிக் கொள்ளையடித்த ஒருவன், எட்டு ஆண்டுகள் சிறையிலிருந்து வெளியே வந்து, அதே கைகளைக் கொண்டு இடிபாடுகளில் சிக்கியவர்களை மீட்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, வாசலில் கட்டண விவரம் எழுதிய பலகையை மாட்டுகிறான். கடைசிப் பக்கத்தில் அவன் அந்தப் பலகையைக் கழற்றி எறிந்தால்தான் வாசகர்கள் அவன் திருந்தியதை நம்புவார்கள் என்று உன்னோடு வேலை செய்பவர்கள் சொல்வதாகவும், அப்பாவின் கருத்து வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். பலகையைக் கழற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. தொலைபேசியில் இதைச் சொல்லி முடிக்க இயலாது என்பதால் எழுதுகிறேன்.

கெட்டவன் நல்லவனாகும் கதை எனக்குப் புதியதன்று. நம்மூரிலிருந்து லயன் காமிக்ஸ் வெளிவரத் தொடங்கிய 1980-களில், பள்ளிச் சிறுவனாக நான் உயிரை வைத்துப் படித்தவன் ஸ்பைடர். இன்றும் ரசிகர்கள் கூர்மண்டையர் என்று அன்போடு அழைப்பது அவனைத்தான். பிரிட்டனின் வார இதழ் ஒன்றில் 1965-இல் பிறந்தபோது அவன் நாயகனே அல்லன்; குற்றவுலகம் முழுவதற்கும் சக்கரவர்த்தியாக வேண்டும் என்று புறப்பட்டவன். பெட்டகம் திறப்பதில் கைதேர்ந்த ஆர்டினியையும் விஞ்ஞானி பெல்ஹாமையும் சேர்த்துக்கொண்டு கொள்ளையடித்தவன், பின்னாளில் குற்றவாளிகளை எதிர்ப்பவனாக மாறினான். மாறிய பிறகும் அதே இருவர்தான் அவனுக்குத் துணை. அவனை மாற்றியது மனச்சாட்சி என்பதைக் காட்டிலும், தன்னைவிடப் பெரியவன் எவனும் இருக்கக் கூடாது என்ற தற்பெருமை என்றே இன்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் சிறுவர்களாகிய நாங்கள் அவனிடம் எந்தச் சான்றிதழும் கேட்கவில்லை. எரிகிற கட்டடத்திலிருந்து ஆளை வெளியே கொண்டுவந்தால் எங்களுக்கு அது போதும்.

அந்த ஸ்பைடரின் கதைகளில் பெரும்பகுதியை எழுதியவர் ஜெர்ரி சீகல் என்பது வெகுகாலம் கழித்தே எனக்குத் தெரிந்தது. சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர் அவர். யாரிடமும் ஒரு காசு வாங்காமல் உலகைக் காக்கும் அந்த மாவீரனின் உரிமை முழுவதையும், 1938-இல் சீகலும் ஓவியர் ஜோ ஷஸ்டரும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிற்காலத்தில் இருவரும் வறுமையில் வாடினார்கள். நாளிதழ்களில் அது செய்தியாகி, பலர் அவர்களுக்காகக் குரல் கொடுத்த பிறகுதான், 1975-இல் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், படைத்தவர்கள் என்ற பெயரும் கிடைத்தன. இடைப்பட்ட காலத்தில், அதே சீகல் பிரிட்டன் இதழுக்காகக் கூலிக்கு எழுதிய நாயகனே திருந்திய குற்றவாளியான இந்த ஸ்பைடர். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. வீரத்தில் வணிகமே கூடாது என்று சொல்கிறவர்கள், அந்த வீரத்தை விற்று யார் வாழ்ந்தார்கள், யார் வாடினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

கூலி வாங்காத நாயகர்களை ஒருமுறை வரிசைப்படுத்திப் பார். ஒருவருக்குத் தந்தை விட்டுச்சென்ற மாளிகை இருக்கிறது. இன்னொருவருக்கு ஆயுதத் தொழிற்சாலை இருக்கிறது. சூப்பர்மேனுக்கும் நாளிதழில் மாதச் சம்பளம் உண்டு. சிறையிலிருந்து வெளியே வந்தவனுக்கு இவற்றில் எது இருக்கிறது? வாடகை கொடுக்க வேண்டியவன் இலவசமாகக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்பது, அவன் மறுபடியும் பெட்டகத்தை உருக்கட்டும் என்று சொல்வதற்குச் சமம்.

நீ கல்லூரியில் படித்தபோது வீட்டுக்குக் கொண்டுவந்து போட்ட அமெரிக்கத் தொகுப்புகளில், 1972-இல் தொடங்கிய லூக் கேஜின் கதை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அவன் கெட்டவன் அல்லன், பொய்க்குற்றச்சாட்டில் சிறை சென்றவன். ஆனால் வெளியே வந்தபோது உலகம் அவனைக் குற்றவாளியாகத்தான் பார்த்தது. திரையரங்கம் ஒன்றின் மாடியில் அறை எடுத்து, கூலிக்கு வீரம் செய்பவன் என்று அறிவித்துக்கொண்டான். ஒரு நாட்டையே ஆளும் வில்லனான டாக்டர் டூம் அவனை ஒரு வேலைக்கு அமர்த்திவிட்டு, பேசிய 200 டாலரைக் கொடுக்காமல் தன் நாட்டுக்குப் போய்விடுகிறார். கேஜ் பறக்கும் ஊர்தியை இரவல் வாங்கிக்கொண்டு அந்த நாட்டுக்கே சென்று, அரண்மனையில் புகுந்து அந்த 200 டாலரை வசூலித்துத் திரும்புகிறான். முப்பது ஆண்டுகள் அச்சகத்தில் கணக்கு எழுதியவன் நான். தீபாவளிக்குப் பிறகு வராத பாக்கிக்காக ஊர் ஊராகப் பேருந்தில் அலைந்தவன். அந்தக் கதையை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. கொடுத்த வேலைக்குக் கூலி கேட்பது மானத்தோடு சேர்ந்த காரியம்.

உன் கதைக்கு மிக அருகில் இருப்பவன் ஸ்காட் லாங். 1979-இல் டேவிட் மிச்சலினியும் ஜான் பைரனும் படைத்த, எறும்பளவு சுருங்கும் ஆன்ட்-மேன் என்ற நாயகப் பெயரை இரண்டாவதாக ஏற்றவன். மின்னணுப் பொறியாளன், திருடன், சிறை சென்று நன்னடத்தையால் வெளியே வந்தவன். மகள் கேஸிக்கு இதய நோய். அவளைக் காப்பாற்றக்கூடிய மருத்துவரை ஒரு செல்வந்தன் பிடித்துவைத்திருந்ததால், மறுபடியும் ஒரு வீட்டில் புகுந்து, எறும்பளவு சுருங்க உதவும் உடையைத் திருடிக்கொண்டு போய் மருத்துவரை மீட்டு வந்தான். உடைக்கு உரியவரும் முதல் ஆன்ட்-மேனுமான ஹாங்க் பிம் அதை அவனிடமே விட்டுவிட்டார். உனக்கு மூன்று வயதில் காய்ச்சல் தலைக்கேறி, மதுரைக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய இரவை நான் மறக்கவில்லை. அதனால்தான் இந்தத் திருட்டைக் குற்றம் என்று எழுத என் பேனா தயங்குகிறது.

2015-இல் நிக் ஸ்பென்சர் எழுதி ரமோன் ரோசானாஸ் வரைந்த தொடரில், விவாகரத்தான மனைவி மகளோடு மயாமிக்குக் குடிபெயர்ந்துவிட, அயர்ன் மேன் என்ற நாயகனும் செல்வந்தனுமான டோனி ஸ்டார்க்கிடம் கிடைத்த நல்ல வேலையை விட்டுவிட்டு ஸ்காட்டும் அங்கே போய், ஆன்ட்-மேன் பாதுகாப்பு நிறுவனம் என்று ஒரு சிறு தொழிலைத் தொடங்குகிறான். பூட்டை உடைக்கத் தெரிந்தவனுக்குத்தான் எந்தப் பூட்டு உடையும் என்று தெரியும். ஆகவே அவனுடைய பழைய குற்றமே அவனுடைய தொழிலறிவாகிறது. அவன் வேலைக்கு வைத்தவர்களைக் கவனி. கரடித் தோல் உடையணிந்த கிரிஸ்லி, வேறொரு ஆன்ட்-மேன் என்று தவறாக எண்ணி அவனைத் தாக்க வந்தவன். மெஷின்ஸ்மித் பல காலம் நாயகர்களை எதிர்த்து நின்ற இயந்திர மனிதன். இவர்களுக்கு அவன் மாதச் சம்பளம் போடுகிறான். அதே கதை தொடர்ந்தபோது, வாடகை வண்டி அழைப்பதுபோல் அடியாட்களை அழைப்பதற்கான ஹெஞ்ச் என்ற கைபேசிச் செயலியும் வருகிறது. கெட்ட வேலைக்கு இத்தனை எளிதாகக் கூலி கிடைக்கிற உலகத்தில், நல்ல வேலைக்கும் ஒழுங்கான கூலி இருந்தாக வேண்டும். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

இங்கே நான் உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த அச்சகத்தில், உனக்கு ஆறேழு வயதிருக்கும்போது, இரவுக் காவலுக்கு ஒருவர் சேர்ந்தார். திருட்டு வழக்கில் இரண்டு ஆண்டு சிறையிலிருந்தவர் என்பது எனக்கு மட்டும் தெரியும். ஐந்து மாதங்கள் ஒரு தாள்கூடக் குறையவில்லை. எந்த ஜன்னலின் கொண்டி தளர்ந்திருக்கிறது, எந்தச் சுவரை எளிதில் ஏறலாம் என்று அவரே என்னிடம் காட்டி, சரிசெய்யச் சொன்னார். பிறகு யாரோ முதலாளியிடம் அவருடைய பழைய கதையைச் சொல்லிவிட்டார்கள். அன்று மாலையே கணக்கு முடித்து அனுப்பச் சொன்னார் முதலாளி. நான் கணக்கு முடித்தேன், பேசவில்லை. சம்பள உறையை வாங்கிக்கொண்டு, 'எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை சார், நீங்கள் கொடுத்தால் சரியாக இருக்கும்' என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்காக ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டியவன் நான். உன் நாயகன் பலகை மாட்டும் பக்கத்தைப் பார்த்தபோது எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

இது கற்பனையில் மட்டும் நடப்பதன்று. பிரான்சில் 1775-இல் பிறந்த விடாக், பல சிறைகளிலிருந்து தப்பியோடிய குற்றவாளி. பின்பு பாரிஸ் காவல் துறையின் துப்பறியும் படைக்குத் தலைவரானார். 1827-இல் அந்தப் பதவியை விட்ட பிறகு, சிறையிலிருந்து வந்தவர்களை வேலைக்கு வைத்து ஒரு காகித ஆலை நடத்தினார்; அது நொடித்துப்போயிற்று. 1833-இல் கட்டணம் வாங்கித் துப்பறியும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார், அதுவே உலகின் முதல் தனியார் துப்பறியும் நிறுவனம் என்பார்கள். காகித ஆலை நிலைத்திருக்கலாமே என்று காகிதத்தோடு வாழ்ந்த எனக்கு இப்போதும் ஆதங்கம்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு, உன் கதையில் எனக்கு உடன்பாடில்லாத இடங்களையும் சொல்ல வேண்டும். பதினான்காம் பக்கத்தில் உன் நாயகன் குளிர்பான விளம்பரத்தில் நடிக்கிறான். 1986-இல் டான் ஜர்கன்ஸ் படைத்த பூஸ்டர் கோல்டும் இப்படித்தான். தான் ஆடிய ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டி அவமானப்பட்டு, காவலாளியாக இருந்த அருங்காட்சியகத்திலிருந்து கருவிகளைத் திருடிக்கொண்டு எதிர்காலத்திலிருந்து நம் காலத்துக்கு வந்து, தன் பெயரையும் முகத்தையும் விளம்பரங்களுக்கு விற்றான். வேலைக்குக் கூலி வாங்குவது வேறு, முகத்துக்கு விலை வாங்குவது வேறு. இரண்டாவது வந்துவிட்டால், படம் பிடிக்க ஆள் இல்லாத இடத்தில் இடிபாட்டுக்குள் இறங்க மனம் வருமா என்ற ஐயம் வாசகனுக்கு எழும். அந்தப் பக்கத்தை எடுத்துவிடு. அல்லது அந்த ஐயத்தை அவனுக்கே வரச் செய்.

அதைவிடப் பெரிய குறை வேறு. மூன்றாம் பக்கத்தில் அவன் உருக்கிய பெட்டி ஓர் அடகுக்கடைக்காரருடையது. அதில் ஊராருடைய நகைகள் இருந்தன. அந்த முதியவர் ஒரே ஒரு கட்டத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார், அதன் பிறகு கதையில் அவரைக் காணவே இல்லை. 1997-இல் வந்த தண்டர்போல்ட்ஸ் கதையை நீதான் எனக்குப் படிக்கக் கொடுத்தாய். நாயகர்களாக வேடமிட்ட கெட்டவர்கள், வேடத்திலேயே மனம் மாறிப்போகிறார்கள். அவர்களில் பீட்டில் என்ற பெயரில் குற்றம் செய்துவந்த ஆப்னர் ஜென்கின்ஸ், எத்தனை பேரைக் காப்பாற்றிய பிறகும், தான் செய்த ஒரு கொலைக்காகச் சட்டத்தின் முன் சரணடைந்து சிறைக்குப் போகிறான். அவர்களுக்குத் தலைமையேற்க வந்த வில்வீர நாயகன் ஹாக்ஐ வைத்த நிபந்தனை அது. உன் நாயகன் எட்டு ஆண்டு அரசாங்கத்துக்குக் கழித்தான். அந்த முதியவருக்கு என்ன கழித்தான்? வரவுப் பக்கம் முழுவதையும் அழகாக வரைந்திருக்கிறாய், பற்றுப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. வாசகர்கள் அவனை நம்பத் தயங்குவது பலகையால் அன்று, இந்த வெறுமையால்தான் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். மாதந்தோறும் வருமானத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு அவன் அந்தக் கடைக்குப் போகட்டும். முதியவர் முதல் முறை வாங்க மறுக்கலாம், கதவைச் சாத்தலாம். அவர் மன்னிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கூலி வாங்காதவனால் இந்தக் கடனை அடைக்கவே முடியாது என்பதை உன் நண்பர்களிடம் சொல்.

ஒன்பதாம் பக்கத்துப் பலகையில் 'இரவு நேரத்தில் இரட்டிப்புக் கட்டணம்' என்று எழுதியிருக்கிறாய். அதை மட்டும் அழித்துவிடு. இடிபாட்டுக்குள் கிடப்பவன் நேரம் பார்த்து விழுவதில்லை. கட்டணத்தை உயிருக்குப் போராடுகிறவனிடம் பேசாமல், கட்டட உரிமையாளரிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் வேலை முடிந்த பிறகு பேசுகிறான் என்று மாற்றினால், பலகையில் இருக்கும் மற்ற வரிகள் அனைத்தும் அப்படியே இருக்கலாம். அடகுக்கடை முதியவரின் முகத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக வரை. அவருடைய கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல் கட்டியிருப்பது நன்றாக இருக்கிறது, அதை விட்டுவிடாதே.

பக்கங்களின் ஓரத்தில் பென்சிலால் குறித்து நாளை விரைவுத் தபாலில் திருப்பி அனுப்புகிறேன். பரணிலிருந்து எடுத்த இரண்டு பழைய ஸ்பைடர் இதழ்களையும் உடன் வைக்கிறேன். தாள் பொடிகிறது, மெல்லப் புரட்டு. மாற்றி வரைந்த பக்கங்களை முடிந்தவுடன் அனுப்பு, காத்திருப்பேன்.

என்றும் அன்புடன்,
அப்பா