ஆச்சிமார் விரலுக்கும் எட்டட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளில் ஆச்சிமார் தனியாக இருக்கிறார்கள். முகப்பு விளக்கையும் மோட்டாரையும் போனிலேயே இயக்கும் வசதி அவர்களுக்குத்தான் முதலில் உதவ வேண்டும். செயலிகளோ இளம் கண்ணுக்கும் நடுங்காத விரலுக்கும் செய்தவையாக இருக்கின்றன.

தொடும் இடம் 48 டிபி (ஆண்ட்ராய்டில் திரை அளவைக் குறிக்கும் அலகு), அதாவது சுமார் 9 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று ஆண்ட்ராய்டு வழிகாட்டியே சொல்கிறது. வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து வேண்டாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு 4.5:1-க்குக் குறையக் கூடாது. பொத்தானுக்குப் பெயர் கொடுக்காமல் விட்டால் பார்வையற்றவருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக், பெயரில்லாத 'பட்டன்' என்ற அளவில்தான் வாசிக்கும். விளக்கா, மோட்டாரா என்று எப்படித் தெரியும்? 'பின்கட்டு மோட்டார், ஓடுகிறது' என்று தமிழிலேயே வாசிக்க வேண்டும்.

தொட்ட உடனே 'ஆஃப்' என்று காட்டுவது பெரிய தவறு. கட்டளை போய்ச் சேராவிட்டால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், தொட்டி வழியும். கருவியிடமிருந்து பதில் வந்த பிறகே நிலையை மாற்றிக் காட்ட வேண்டும்.

போனில் இயக்கும் ஸ்மார்ட் பிளக்குகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் இணைப்பு பல நேரம் தடுமாறும். நம் வீடுகளின் கனத்த சுவர்களைத் தாண்டி சிக்னல் இரண்டாம் கட்டுக்குப் போவதும் சிரமம். செயலி 'தோல்வி' என்று மட்டும் சொன்னால் போதுமா? காரணத்தையும், அடுத்து எதைத் தொட வேண்டும் என்பதையும் சொல்லட்டும். நெட் போனாலும் சுவரில் உள்ள சுவிட்ச் வேலை செய்யட்டும்.

வீட்டு மின்பணியாளர்கள் சிலர்,
காரைக்குடி