செல்விக்கு, சுவோனிலிருந்து

சுவோன்,
தென் கொரியா,
நவம்பர் 17

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கைத்தடி இல்லாமல் வாசல்வரை நடந்துவிட்டாய் என்ற வரியை இரண்டு முறை படித்தேன். மாடிப்படியில் மட்டும் இன்னும் சில வாரங்கள் அவசரப்படாதே. தேங்காய் வெட்டு முடிந்ததா? இந்த முறை விலை பரவாயில்லை என்று தம்பி சொன்னான்.

இங்கே அனைவரும் நலம். பேரனுக்கு நான்கு மாதம் நிறைந்துவிட்டது. குப்புற விழுந்து, திரும்பத் தெரியாமல் அழுகிறான். காலையில் கதவைத் திறந்தால் குளிர் எலும்பைத் தொடுகிறது. மற்றபடி சுகம்தான்.

அந்த ஊரில் நாள் முழுக்க என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். மேளம் கற்றுக்கொள்கிறேன், செல்வி. இதை உன்னிடம் சொல்லத்தான் இத்தனை நாள் ஓய்வான ஒரு பகலுக்குக் காத்திருந்தேன்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் எங்களை யோங்இன்னில் இருக்கும் நாட்டுப்புற கிராமத்துக்கு அழைத்துப் போனாள். பழைய வீடுகளைக் கொண்டுவந்து ஒரு ஊராகவே எழுப்பியிருக்கிறார்கள். நடுவில் மண் தரை முற்றம். குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நான் ஓரமாக நின்றிருந்தேன். முதலில் தேப்யோங்சோ என்ற குழல் கேட்டது. நாகசுரத்தின் சிறிய தங்கை என்று வைத்துக்கொள். அதன் பின்னால் வெள்ளை உடையில், தோளில் சிவப்பு, நீலம், மஞ்சள் பட்டைகள் குறுக்கே கட்டிய இருபது முப்பது பேர் வரிசையாக வந்தார்கள். முன்னால் வந்தவர் கையில் உள்ளங்கை அகலத்துக்குச் சற்றுப் பெரிய பித்தளைத் தட்டு. அவர் அதை ஒரு தட்டுத் தட்டியதும் முற்றம் முழுவதும் அதிர ஆரம்பித்தது.

சத்தம் என்று எழுதினால் தவறாகப் புரிந்துகொள்வாய். நம் ஊர்த் திருவிழாவில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றால் காதைப் பொத்திக்கொள்வோமே, அப்படிக் காதில் வந்து இடிக்கவில்லை. கால் வழியாக ஏறி வயிற்றில் வந்து நின்றது. எனக்குக் குழந்தையைப் பற்றித்தான் பயம். குனிந்து பார்த்தேன், நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். அரைமணி நேரம் முழக்கம் ஏறிக்கொண்டே போனது. தொப்பியில் கட்டிய நீண்ட வெள்ளை நாடாவைக் கழுத்தசைவிலேயே சுழற்றி ஒருவர் அதற்குள்ளேயே குதித்துக் குதித்து வந்தார். அந்தத் தொப்பிக்கு சாங்மோ என்று பெயர். என் பக்கத்தில் நின்ற பாட்டிகள் தோளை அசைத்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். கடைசி அடி விழுந்து எல்லாம் நின்றதே, அப்போதுதான் அவன் திடுக்கிட்டு விழித்து அழுதான். ஓசை இருந்தவரை தூங்கிய குழந்தை, அது நின்றதும் ஏன் அழ வேண்டும்? அந்தக் கேள்விதான் என்னை மேள வகுப்புவரை இழுத்துக்கொண்டு போனது.

இந்தக் கலைக்கு நோங்காக் என்றும் புங்முல் என்றும் பெயர். உழவர்களின் இசை. நாற்று நடும்போதும் களை எடுக்கும்போதும் கூட்டாக வேலை செய்தவர்கள் இதை முழக்கினார்கள். புத்தாண்டு பிறந்ததும் வீடு வீடாகப் போய்ச் சமையலறை, கிணற்றடி, கொல்லையில் ஊறுகின்ற சோயா ஜாடிகளின் மேடை என்று ஒவ்வோர் இடத்திலும் முழக்கி, மண்ணின் தெய்வத்தை மிதித்து அமர்த்தினார்கள். ஊறுகாய் ஜாடிக்கும் ஒரு மரியாதை! உனக்குப் பிடிக்கும் என்று தெரியும். 2014-இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது.

முக்கியமானவை நான்கு கருவிகள். அந்தச் சிறிய தட்டு குவெங்குவாரி. அதைத்தான் இடி மின்னல் என்கிறார்கள். அடிப்பது வலக்கை, ஆனால் வித்தை இடக்கை விரல்களில் இருக்கிறது. தட்டின் உட்புறத்தைத் தொட்டும் விட்டும் ஒலியை அடைக்கிறார்கள், திறக்கிறார்கள். பெரிய தட்டு ஜிங், அது காற்று. துணி சுற்றிய கட்டையால் ஒரு முறை அடித்தால் ஓசை அலைபோல் எழுந்து நெடுநேரம் நிற்கும். புக் என்ற மத்தளம் மேகம். ஜாங்கு என்ற மேளம் மழை. இரண்டு உலோகம், இரண்டு தோல். உலோகம் மேலே பறக்கும்போது தோல் அதைத் தரைக்கு இழுக்கிறது. இந்த இழுபறியில்தான் கேட்பவன் மாட்டிக்கொள்கிறான்.

மேடையில் உட்கார்ந்து வாசிக்கும் சாமுல்நோரியை நீ எங்காவது காணொளியில் பார்த்திருக்கலாம். அது அப்படி ஒன்றும் பழையதில்லை. 1978-இல் சியோலில் ஒரு சிறிய அரங்கில் கிம் தோக்சூ, கிம் யோங்பே முதலிய நான்கு இளைஞர்கள் முதல்முறையாக வாசித்தார்கள். 'நான்கு பொருள்களின் ஆட்டம்' என்று பொருள்படும் அந்தப் பெயரைப் பிறகு சிம் ஊசோங் என்ற நாட்டுப்புறவியல் அறிஞர் வைத்தார். கிம் தோக்சூ ஐந்து வயதிலேயே நம்சாதாங் என்ற ஊர்சுற்றிக் கூத்தாடிகளோடு சேர்ந்து, பெரியவர்களின் தோள்மேல் நின்று ஆடியவர். அவர் இளைஞராவதற்குள் கிராமங்கள் காலியாகிக்கொண்டிருந்தன, மக்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள், முற்றமே இல்லை. முற்றம் போனபின் ஆட்டத்தை எங்கே கொண்டுபோவது? ஆட்டத்தை விட்டுவிட்டுத் தாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

உட்கார்ந்ததால் ஊரின் உயிர் போய்விட்டது என்று வருந்துகிறவர்கள் இங்கே உண்டு. எனக்கும் முற்றம்தான் பிடித்திருக்கிறது. ஆனால் சியோலில் அப்படிப்பட்ட ஒரு நிகழ்ச்சியைப் போன வாரம் கேட்டபிறகு அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கண்ணுக்கு வேலை குறைந்ததும் காது விழித்துக்கொள்கிறது. மெதுவாக ஆரம்பித்த ஒரு தாளம் யாரும் அறியாமல் நெருங்கி நெருங்கி, கடைசியில் நான்கு பேரும் ஒரே உடம்பாகி, அரங்கில் இருந்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம். முடிந்ததும் முன்பின் தெரியாத ஓர் அம்மாள் என் கையைப் பற்றிக்கொண்டார்.

எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் உள்ள சமூகக் கூடத்தில் வியாழன்தோறும் மேள வகுப்பு. அன்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து வேலை பார்ப்பதால் குழந்தையை அவரிடம் விட்டுவிட்டுப் போகிறேன். பன்னிரண்டு பெண்கள், பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். எனக்குக் கொரிய மொழி பத்துச் சொல் தெரியும். ஆனால் தாளத்துக்கு அவர்களிடமும் சொற்கட்டு இருக்கிறது! ஜாங்குவில் இரண்டு கையும் சேர்ந்தால் தொங், இடக்கை குங், வலக்கை தொக். வாயால் சொல்லிச் சொல்லித்தான் கைக்கு வருகிறது. முதல் நாளே நான் வீட்டுக்கு வந்துவிட்டதுபோல உணர்ந்தேன்.

நீ சிரிக்காமல் கேட்கவேண்டியது இது. மூன்று வாரம் என் அடி ஒன்றுகூட ஒட்டவில்லை. சில்சே என்று ஒரு தாளம். ஒரு சுற்றுக்குள் ஜிங் ஏழு முறை விழும். உள்ளே மூன்றும் இரண்டுமாகப் பின்னிய 36 துடிப்புகள். விடுதியில் நீ வீணை வாசிக்க நான் தாளம் போட்டுப் பழகிய பழக்கத்தில் விரல்விட்டு எண்ணினேன். எண்ணிக்கை சரியாக வந்தது, ஆனால் அடி மட்டும் மற்றவர்களோடு சேரவில்லை. ஆசிரியை என் கையிலிருந்து கோல்களை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தன் நெஞ்சில் கைவைத்து "ஹோஹுப்" என்றார். மூச்சு என்று பொருள். அந்த வகுப்பு முழுவதும் நான் மேளத்தைத் தொடவில்லை. மூச்சை இழுக்கும்போது உடம்பு எழ, விடும்போது முதுகும் முழங்காலும் தளர்ந்து இறங்க, அதை மட்டும் செய்தேன். அடுத்த வாரம் கோலைக் கையில் கொடுத்தார். மூச்சு இறங்கியபோது கை தானாக விழுந்தது. விழுந்த இடம் சரியான இடம்.

அங்கே யாரும் எண்ணுவதில்லை, செல்வி. பன்னிரண்டு பேரும் சேர்ந்து மூச்சு விடுகிறார்கள். அந்த மூச்சின் மேல் தாளம் மிதக்கிறது. முற்றத்தில் அந்த நாடா சுழன்றதும் முழங்கால் மடிந்து நிமிர்வதிலிருந்துதான் என்பது பிறகு புரிந்தது. பேரன் தூங்கியதும், நின்றவுடன் அழுததும் எனக்கு இப்போது விளங்குகிறது. முப்பது பேர் ஒன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒரு பெரிய நெஞ்சின் மேல் அவன் கிடந்திருக்கிறான்.

வகுப்பில் 88 வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். ஜிங் அவருடையது, வேறு யாரும் தொடுவதில்லை. போர்க்கால ஜப்பானிய ஆட்சியில் உலோகத்துக்காக வீடுகளின் பித்தளைப் பாத்திரங்களையும் ஊர் மேளத் தட்டுகளையும் பறித்துப்போனதை அவர் சிறுமியாகப் பார்த்திருக்கிறார். கிண்ணம், கரண்டி எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்த அவர் அப்பா, குவெங்குவாரியை மட்டும் வைக்கோல் போருக்கடியில் புதைத்தாராம். இதைக் கைப்பேசியின் மொழிபெயர்ப்பில் ஒவ்வொரு வாக்கியமாகக் காட்டினார். பசிக்கு உதவும் கிண்ணத்தைவிட அது முக்கியமாக இருந்திருக்கிறது. பிறகு 1980-களில் மாணவர்கள் ராணுவ ஆட்சியை எதிர்த்து வீதிக்கு வந்தபோது இதே மேளங்களைத்தான் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

அடுத்த மாதம் ஆன்சோங் போகலாம் என்று மகள் சொல்லியிருக்கிறாள். அது நம்சாதாங் கூத்தாடிகளின் ஊர். ஆண்களே நிறைந்த அந்தக் கூட்டத்துக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாவுதோகி என்ற பெண் தலைவியாக இருந்தாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயதுதான் என்று சொல்கிறார்கள். அவள் பெயரில் இன்றும் இலையுதிர் காலத்தில் விழா எடுக்கிறார்கள். போய்வந்து எழுதுகிறேன்.

இப்போது உன்னிடம் ஒரு வேண்டுகோள். ஜாங்குவைப் படத்தில் பார். இடை சிறுத்த மேளம். இந்த வடிவம் இந்தியாவிலிருந்து மத்திய ஆசியா வழியாகக் கிழக்கே வந்திருக்கவேண்டும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பார்த்த நாளிலிருந்து எனக்கு உங்கள் வீட்டு உடுக்கைதான் நினைவு. ஜாங்குவின் கயிறுகளில் சிறு தோல் வார்கள் இருக்கின்றன. வாசிக்குமுன் அவற்றை நகர்த்தித் தோலை இறுக்குவார்கள். உடுக்கையிலோ வாசிக்கும்போதே இடையை அழுத்தி ஓசையை வளைத்துவிடுவார்களே, அதை நான் சைகையில் காட்டியபோது எங்கள் ஆசிரியை நம்பவில்லை.

முதலாண்டு விடுமுறையில் உங்கள் ஊருக்கு வந்திருந்தபோது உன் பெரியப்பா விடிய விடிய அண்ணன்மார் கதை பாடினாரே, அந்த உடுக்கை இன்னும் இருக்கிறதா? அவர் மகன் வாசிப்பார் என்று ஒருமுறை எழுதியிருந்தாய். காங்கேயத்துக்குப் போகும்போது ஐந்து நிமிடமாவது பதிவு செய்து அனுப்பு. அவர் கையும் தெரியும்படி எடு. இடையை அழுத்தும் அந்த விரல்களை இவர்கள் பார்க்கவேண்டும். வியாழக்கிழமைக்கு முன் கிடைத்தால் நல்லது. 88 வயதுப் பாட்டி ஏற்கெனவே இரண்டு முறை கேட்டுவிட்டார்.

அன்புடன்,
கலா