பூச்சாடி மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க ஓவியர் கிளெமென்டீன் ஹன்டரைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். லூசியானா மாநிலத்தின் ஒரு மூலையில் பருத்திப் பண்ணையிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த ஒரு கறுப்பினப் பெண்மணிக்கு நான்கு பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் கட்டுரை அவரை ஏதோ தானாக நடந்துவிட்ட அதிசயம்போலக் காட்டுகிறது. எனக்கு மனத்தாங்கல் அதில்தான்.

முதலில் ஒரு திருத்தம். கட்டுரை சொல்வதுபோல அவர் அடிமையாகப் பிறந்தவர் அல்ல. அமெரிக்காவில் அடிமை முறை 1865-இலேயே ஒழிந்துவிட்டது. ஹன்டர் பிறந்தது 1886 டிசம்பர் கடைசியிலோ 1887 ஜனவரியிலோ. சட்டம்தான் மாறியிருந்தது, பண்ணை அப்படியே இருந்தது. கேன் ஆற்றுப் பகுதியில் ஹிடன் ஹில் என்ற பண்ணையில் பிறந்து, பதினைந்து வயது வாக்கில் மெல்ரோஸ் பண்ணைக்கு வந்து சேர்ந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. வயலில் பருத்தி எடுத்தார். ஒரு பிரசவத்தன்று காலையில் 78 பவுண்டு, அதாவது சுமார் 35 கிலோ பருத்தி எடுத்துவிட்டு, அதற்கப்புறம் வீட்டுக்குப் போய் மருத்துவச்சியைக் கூப்பிட்டு அனுப்பினார் என்று அவரது வாழ்க்கைக் குறிப்புகளில் வருகிறது. காய்ந்த பருத்தி கையில் எவ்வளவு லேசாக இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு, அந்த 35 கிலோவுக்கு எத்தனை முறை குனிந்திருக்க வேண்டும் என்பது புரியும்.

அவர் வரையத் தொடங்கிய கதையைக் கட்டுரையாளர் சரியாகவே சொல்லியிருக்கிறார். 1920-களில் ஹன்டர் பண்ணை முதலாளியின் பெரிய வீட்டுச் சமையல், வீட்டுவேலைக்கு மாறினார். அந்த வீட்டின் சொந்தக்காரரான காமி ஹென்றி அம்மையார் எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் அழைத்துத் தங்கவைப்பவர். அப்படி வந்த ஓவியர் ஆல்பர்ட்டா கின்ஸி விட்டுச்சென்ற வண்ணக் குழாய்களை எடுத்து, ஒரு பழைய சன்னல் திரையில் ஹன்டர் படம் போட்டார். 1940-ஐ ஒட்டிய காலம், அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. சரி, அப்புறம்? கட்டுரை இந்த இடத்தில் அவரைக் 'கண்டுபிடித்தவர்கள்' பக்கம் திரும்பிவிடுகிறது. அந்த வீட்டுக்கு வந்த எழுத்தாளர்களான பிரான்சுவா மின்யோனும் ஜேம்ஸ் ரெஜிஸ்டரும் வண்ணமும் பலகையும் வாங்கிக் கொடுத்து உதவியது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பகல் முழுக்க அடுப்படியிலும் துணி வெளுப்பதிலும் நின்றுவிட்டு, நோயில் படுத்திருந்த கணவரையும் பார்த்துக்கொண்டு, இரவில் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு வரைந்தது ஹன்டர். அட்டை, காகிதப் பை, பாட்டில், இரும்பு வாணலி என்று எது கிடைத்தாலும் அதில் வரைந்தார். மொத்தம் ஐயாயிரம் படங்களுக்குக் குறையாது என்பது பொதுவான கணக்கு. பருத்தி எடுப்பதைவிடப் படம் போடுவதுதான் கஷ்டம், அதற்கு மூளை வேர்க்க வேண்டும் என்ற பொருளில் அவரே சொல்லியிருக்கிறார். இவ்வளவுக்குப் பிறகும் அதிசயம் என்றால் எப்படி?

நான் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். அந்தக் கண்ணோடு பார்த்தாலும் இவர் தெரியாமல் வரைந்தவராகத் தோன்றவில்லை. அவர் படங்களில் தூரம் கிடையாது. நிலத்தை மேலும் கீழுமாகப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒரு பட்டையில் பருத்தி எடுப்பவர்கள், அதற்கு மேல் வண்டி, அதற்கும் மேல் வீடு என்று அடுக்கிவிடுவார். எல்லாமே நமக்கு ஒரே கிட்டத்தில் நிற்கும். உருவத்தின் அளவும் அவர் வைத்ததுதான். மனிதரைவிடப் பெரிய கோழி ஒன்று வண்டி இழுத்துக்கொண்டு போகும்! 1955-இல், மெல்ரோஸில் 'ஆப்பிரிக்கன் ஹவுஸ்' என்று அழைக்கப்படும் பழைய கட்டடத்தின் மாடிக்காக ஒன்பது பெரிய பிளைவுட் பலகைகளில் பண்ணை வாழ்க்கையை வரைந்தார். பருத்தி, பீக்கன் கொட்டை பொறுக்குதல், துணி வெளுப்பு, ஆற்றில் ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாம் அவர் படங்களில் திரும்பத் திரும்ப வருபவை. பெரிய வீட்டு மனிதர்களின் கதை காமி ஹென்றி சேர்த்து ஒட்டிவைத்த ஸ்கிராப் புத்தகங்களில் பத்திரமாக இருக்கிறது. துணி வெளுத்தவர்களின் கதையைச் சேர்த்துவைக்க வேறு யார் இருந்தார்கள்?

கட்டுரையில் விட்டுப்போன முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அதே 1955-இல் நாக்கடிஷ் ஊரிலுள்ள நார்த்வெஸ்டர்ன் ஸ்டேட் கல்லூரியில் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். வெள்ளையர்கள் பார்க்கிற நேரத்தில் கறுப்பினத்தவர் உள்ளே வரக்கூடாது. படம் போட்டவரே பூட்டிய நாளில் பின்வாசல் வழியாக ரகசியமாக நுழைந்து தன் படங்களைப் பார்த்தார். அந்தக் கல்லூரி பின்னர் பல்கலைக்கழகமாகி, 1986-இல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அவருக்கு அப்போது தொண்ணூற்றொன்பது வயது. 1988 ஜனவரி 1-இல் இறந்துவிட்டார். கட்டுரையாளர் டாக்டர் பட்டத்தை மட்டும் எழுதிவிட்டுப் பின்வாசலை விட்டது சரியில்லை.

காசு விஷயத்திலும் அப்படித்தான். ஒரு காலத்தில் வீட்டு வாசலில், உள்ளே வந்து பார்க்க 25 சென்ட் என்று அறிவிப்புப் பலகை வைத்திருந்தவர் அவர். சில படங்கள் அந்த விலைக்கே போயின. பிற்காலத்தில் அவை ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறியபோது லாபம் பார்த்தவர்களில் பெரும்பாலோர் மற்றவர்கள். போலிகளும் வந்தன. திருப்பிப்போட்ட ஆங்கில 'சி' எழுத்தோடு அவர் போடும் கையெழுத்தைக்கூட நகலெடுத்து விற்ற வில்லியம் டாய் என்பவர், எஃப்.பி.ஐ. விசாரணைக்குப் பின் 2011-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். குழந்தைக் கிறுக்கல் மாதிரி இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போடலாம் என்று சொல்பவர்கள் இந்த வழக்கைக் கொஞ்சம் படித்துப் பார்க்கலாம். டாய் போட்ட படங்களில் ஏதோ சரியில்லை என்று ஹன்டரின் ஓவியங்களோடு பழகியவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு ஸீனியா பூச்சாடிப் படம் ஒன்றை மட்டும் போட்டிருந்தீர்கள். அவர் பூக்கள் எனக்கும் பிடிக்கும், அவரும் விரும்பி வரைந்தவைதான். ஆனால் அதை மட்டும் பார்க்கிறவருக்கு அவர் எதைப் பற்றி வரைந்தார் என்பதே தெரியாமல் போய்விடும். அடுத்த இதழில் இடம் இருந்தால், ஆப்பிரிக்கன் ஹவுஸ் பலகைகளில் ஒன்றை உரிய அனுமதி பெற்று, வண்ணத்தில், நடுப்பக்கம் முழுவதும் வரும்படி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை ஒருவர்,
கும்பகோணம்.