சொளவுக்கு இங்கிலீஷில் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரம் வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் 27 ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். "எம் பிள்ளைக்கு இங்கிலீஷ்ல ஆர்வமே இல்ல டீச்சர்" என்று பெற்றோர் சொல்லிக் கேட்காத ஆண்டே கிடையாது. அதை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. பிள்ளைகளுக்குச் சொல்ல ஏராளம் இருக்கிறது. அதை எழுத நாம் இடம் கொடுப்பதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் 'விடுமுறையில் நான் சென்ற இடம்' என்று கட்டுரை வரும். நோட்ஸில் ஊட்டி இருக்கும். நாற்பது நோட்டிலும் அதே ஊட்டி, அதே பூங்கா, அதே குளிர். எழுதியவர்களில் பலர் பாபநாசம், குற்றாலம் தாண்டிப் போகாதவர்கள். போகாத ஊரைப் பற்றி, தன்னுடையது அல்லாத வாக்கியத்தை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு ஆர்வம் எங்கிருந்து வரும்?

ஓராண்டு நோட்ஸை மூடச் சொன்னேன். "நேத்து சாயங்காலம் உங்க வீட்டுல என்ன நடந்துச்சோ அதை எட்டு வரி எழுதுங்க. தெரியாத சொல்லைத் தமிழிலேயே எழுதுங்க" என்றேன். பத்து நிமிடம் ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. பிறகு கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். அவள் அம்மா பீடி சுற்றுகிறவர். "டீச்சர், சொளவுக்கு இங்கிலீஷ்ல என்ன?" என்று கேட்டாள். முறத்தை எங்கள் பக்கம் சொளவு என்போம். அந்த ஆண்டு அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

இருவரும் அகராதியைப் புரட்டினோம். தானியம் புடைக்கிற முறத்துக்கு உரிய சொல் இருந்தது. "எங்க அம்மா அதுல புடைக்கலையே, பீடில்லா சுத்துதா" என்று அந்தச் சொல்லை அவள் ஏற்க மறுத்துவிட்டாள். கடைசியில் 'சொளவு' என்பதையே ஆங்கில எழுத்தில் எழுதி, அடுத்த வரியில் அது என்னவென்று விளக்கினாள். மூங்கிலில் செய்தது, அம்மா மடியில் இருக்கும், இலையும் தூளும் அதில்தான் கிடக்கும். அந்த வரியில் இரண்டு பிழைகள் இருந்தன. ஆனால் அது எந்த நோட்ஸிலும் இல்லாத வரி. இன்னொரு பையன் பிசானத்துக்கு, அதாவது எங்கள் பக்கத்து நெல் சாகுபடிப் பருவம் ஒன்றுக்கு, தண்ணீர் திறப்பதை எழுத வந்து, பிசானம் என்றால் என்ன என்று சொல்லவே மூன்று வாக்கியம் எழுதினான். அவன் அதற்கு முன் ஒரு வாக்கியமும் தானாக எழுதியதில்லை.

இதற்கு முன்பு நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். ஒரு மாணவன் தன் ஆச்சி இறந்ததை எழுதிக் கொடுத்தான். வினைச்சொல்லில் காலம் தவறிய இடங்களையெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். ஆச்சியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் பிறகு அவன் நோட்ஸைத் தவிர எதையும் எழுதவில்லை. இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

மொழி கற்பவரின் உந்துதல் பற்றி கனடாவில் கார்ட்னர், லாம்பர்ட் என்ற இரு உளவியலாளர்கள் 1959-இல் எழுதினார்கள். மான்ட்ரியலில் பிரெஞ்சு படித்த ஆங்கிலப் பிள்ளைகளில், வேலைக்குப் பயன்படும் என்று படித்தவர்களைவிட, பிரெஞ்சு பேசும் மக்களோடு பழக விரும்பிப் படித்தவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்று கண்டார்கள். நம் பிள்ளைகளுக்குப் பழக ஆங்கிலேயர் பக்கத்தில் இல்லை. வேலையோ பதினான்கு வயதுக்கு வெகுதூரம். கையெட்டும் தூரத்தில் இருப்பது அவர்கள் வீடும் வயலும்தான். அதைச் சொல்ல வேண்டும் என்ற தவிப்பு வந்தால் சொல்லைத் தேடுவார்கள்.

பாரதியார் இதே திருநெல்வேலியில் ஆங்கிலம் படித்த காலத்தைப் பின்னாளில் கசந்து பாடினார். ஆனால் ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியைத் தாமாக விரும்பிப் படித்து 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டதும், ஆங்கிலத்தில் கட்டுரை எழுதியதும் அவரேதான்.

பத்தாம் வகுப்புத் தேர்வில் படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியம் எழுதும் கேள்வி இருக்கிறது. நல்ல கேள்வி. அதற்கும் 'இது அழகான படம், எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது' என்று எந்தப் படத்துக்கும் பொருந்துகிற வாக்கியங்களை உருப்போட வைக்கிறோம். பள்ளித் தேர்வுகளிலாவது தன் ஊரைப் பற்றிய ஒரு கேள்வி வேண்டும். சொன்ன செய்திக்குத் தனி மதிப்பெண், இலக்கணத்துக்குத் தனி மதிப்பெண் போட வேண்டும். என் இளைய சகாக்களிடம் கேட்பது ஒன்றுதான். முதல் முறை வாசிக்கும்போது பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். தங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் அரைப் பத்தி, நெல்லை, தென்காசி மாவட்டப் பிள்ளைகள் தாங்களே எழுதிய ஆங்கிலத்துக்கு ஒதுக்குங்கள். 'சொளவு', 'பிசானம்' என்று வந்தால் மாற்றாமல் அப்படியே அச்சிடுங்கள். தொகுத்துத் தரும் வேலையை நான் ஊதியம் இல்லாமல் செய்கிறேன். முதல் வாரத்துக்காக அந்தப் பெண் எழுதிய பக்கத்தின் நகலை, அவளிடம் கேட்டுவிட்டு, இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
அம்பாசமுத்திரம்.